சுழற்கோப்பையின் ஏழாவது துண்டு

அண்ணாச்சி, முதலில் அந்தத் தீயைக் கொஞ்சம் அணையுங்க. பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். பார்த்துவிட்டுப் பிறகு முடியும், முடியாது என்று சொல்லுங்க. வெளியே பலகையில் இரும்பு, பித்தளை, அலுமினியம் அனைத்தும் பற்றவைக்கப்படும் என்று எழுதிப் போட்டிருக்கீங்க. அனைத்தும் என்றால் அனைத்தும்தானே.

சட்டையைப் பார்க்கீங்க. அது சால்னா. வரும் வழியில் ஒரு பரோட்டாக் கடைக்குப் போயிருந்தேன், அங்கே பட்டது. துவைத்தால் போய்விடும்.

இது பீடம். இது தண்டு. இது இரண்டும் காது, கைப்பிடி என்றும் சொல்லலாம். இது கிண்ணம். இது மூடி. ஆறு ஆயிற்றா? ஏழாவது என் சட்டைப்பையில் இருக்கிறது, அதைக் கடைசியில் எடுக்கிறேன். ஏழும் சேர்ந்தால் ஒரு கப்பு. தரையில் வைத்தால் என் இடுப்புக்கு வரும். உள்ளே பித்தளை, மேலே வெள்ளை முலாம். நடுவிளை கபடிக் குழு மூன்று வருசம் தொடர்ந்து ஜெயித்துச் சொந்தமாக்கிக்கொண்ட சுழற்கோப்பை. ஒரு வருசம் ஜெயித்தால் அடுத்த கோயில் கொடை வரைக்கும் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருசம் விடாமல் ஜெயித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நமக்கே நமக்கு.

பிறகு ஏன் ஏழு துண்டாகக் கிடக்கிறது என்று கேட்கீங்க. நியாயமான கேள்வி. சொல்கிறேன். ஆனால் நீங்க 'ம்' போட வேண்டும். எங்கள் ஊரில் 'ம்' போடாதவனுக்குக் கதை சொல்லமாட்டார்கள். சுவருக்குச் சொன்னது மாதிரி ஆகிவிடும்.

என் பேர் சுயம்பு. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் நடுவிளை குழுவில் நான் இடது மூலை. மூலையில் நிற்கிறவன் வேலை, பாடி வருகிறவனுடைய கணுக்காலைப் பிடிப்பது. அவன் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் வந்து மேலே விழுவார்கள். பிடிக்கிறவன் ஒருத்தன், விழுகிறவன் ஆறு பேர். ஆனால் பேர் கிடைப்பது பாடிப் போகிறவனுக்குத்தான். எங்கள் குழுவில் பாடிப் போகிறவன் லிங்கத்துரை. எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே தெரு. எட்டாம் வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றோம். அவன் கபடி கபடி என்று மூச்சு விடாமல் எதிர்ப்பக்கம் போனால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு மூச்சு முட்டும். அப்படிப் பாடுவான்.

ம் போடுங்க.

மூன்றாவது வருசத்து இறுதி ஆட்டம். எங்களுக்கு எதிரே உப்பளத்துக் குழு. மூட்டை தூக்கித் தூக்கி அவனவன் தோள் ஆட்டுரல் மாதிரி இருக்கும். சாயங்காலம் நாலு மணி, மண் இன்னும் சுடுகிறது. கடைசி இரண்டு நிமிசம் பாக்கி. எங்களுக்கு இருபத்தெட்டு, அவர்களுக்கு முப்பது. லிங்கத்துரை பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். திரும்பும்போது மூன்று பேர் பிடித்து இழுத்ததில் சட்டை அவர்கள் கையோடு போயிற்று, உதடு கிழிந்தது, வெற்றுடம்போடு மண்ணில் விழுந்து, விரல் நுனியால் கோட்டைத் தொட்டுவிட்டான். முப்பதுக்கு முப்பது. மைதானமே லிங்கத்துரை, லிங்கத்துரை என்று கத்துகிறது.

சரி, கத்தட்டும். ஆனால் ஆட்டம் முடியவில்லை. அதை யாரும் யோசிப்பதில்லை அண்ணாச்சி. சமமாக்குவது வேறு, ஜெயிப்பது வேறு. அடுத்து அவர்கள் ஆள் வர வேண்டும், அதுதான் கடைசிப் பாட்டு. அவன் ஒருத்தனைத் தொட்டுவிட்டுப் போனால் கப்பு அவர்களுக்கு. அவனைப் பிடித்தால் நமக்கு.

பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அது தனியாகச் சொல்ல வேண்டியது. இப்போதைக்கு இவ்வளவு போதும்: அவன் கணுக்கால் போயிற்று, என் முழங்கால் போயிற்று, கப்பு வந்தது. அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. நீலச் சட்டை, நாலாம் நம்பர். பிறகு அவன் ஆடவில்லை என்று சொன்னார்கள். நானும்தான் ஆடவில்லை. பாளையங்கோட்டையில் முழங்காலை அறுத்துப் பார்த்துவிட்டு, இனி மண்ணில் இறங்கினால் நடக்கிற காலும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தேழு வயசு எனக்கு.

கப்பை யார் வீட்டில் வைப்பது? எங்கள் கேப்டன் பிச்சைக்கண்ணு ஒரு ஏற்பாடு சொன்னான். ஆளுக்கு ஒரு மாசம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஆறாவது மாசம் வந்தது, லிங்கத்துரைக்கு ஏழாவது. ஐந்து மாசம் நான் பொறுத்தேன். மற்றவர்கள் வைத்திருந்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்க. ஒருத்தன் அதில் நெல் அளந்தான். ஒருத்தன் வீட்டில் கோழி அடைகாத்தது. என் முறை வந்தபோது நான் தேக்கில் அலமாரி அடித்து, முன்னால் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு பல்பும் மாட்டிவிட்டேன். பொருள் என்றால் அதற்கு மரியாதை வேண்டாமா?

வீட்டுக்கு ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவன் எல்லாம் என்ன கேட்டான் தெரியுமா? "ஏ, லிங்கத்துரை கப்பு இங்கயா இருக்கு?"

லிங்கத்துரை கப்பாம். என் வீட்டில், என் அலமாரியில், என் முழங்காலுக்கு ஈடாக வந்த கப்பு.

மாசம் முடிந்தது. நான் கொடுக்கவில்லை. பிச்சைக்கண்ணு வந்து, "சுயம்பு, முறைன்னா முறைடே"ன்னான். "முறைக்காரனை வந்து கேக்கச் சொல்லு"ன்னேன். நான் எதிர்பார்த்தது என்ன என்றால், லிங்கத்துரை வருவான், கேட்பான், நான் தரமாட்டேன் என்பேன், சண்டை வரும், நாலு பேர் கூடுவார்கள், அந்தக் கூட்டத்தில் வைத்துக் கேட்டுவிடலாம், இது யார் பிடித்த கப்பு என்று. அதற்கு எல்லாம் தயாராக இருந்தேன். அவன் வரவில்லை. சொல்லி அனுப்பினான். என்ன சொல்லி அனுப்பினான்?

"அவனே வச்சிக்கிடட்டும். எனக்கு எதுக்கு? அந்த நாப்பது நிமிசம் எங்கிட்ட இருக்கு. அதுல களிம்பு ஏறாது."

நீங்க சிரிக்கீங்க. ஊரும் இப்படித்தான் சிரித்தது. லிங்கத்துரைக்கு எவ்வளவு பெரிய மனசு என்றது. யோசித்துப் பாருங்க. நான் பிடுங்கி வைத்திருந்தால் அது என் கப்பு. அவன் விட்டுக்கொடுத்து நான் வைத்திருந்தால் அது அவன் கப்பு. அந்த ஒரு வார்த்தையில் அலமாரியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், தன் வீட்டை விட்டு இறங்காமல். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் பித்தளை நிற்கிறது. பல்பைப் போட்டால் பித்தளை, அணைத்தால் இருட்டில் பித்தளை.

அவன் அடுத்த கொடைக்கு வேறு குழுவோடு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு ஆட்டம் வரும், வேறு கப்பு வரும். எனக்கு?

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"என்னலே, கப்பைத் தூக்கிட்டு ஊர்கோலமா? மேளத்தை எங்க காணோம்?"

"உன் முறைலே. கேளு."

"எதைக் கேக்க?"

"கப்பைக் கேளு. நான் தரமாட்டேம்பேன். நீ கேளு."

"எனக்கு வேண்டாம்லே."

"வேணும்னு சொல்லு."

"கோட்டி பிடிச்சிருச்சா உனக்கு? வேண்டாம்னு சொல்லுதேம்லா. உள்ள வா, கஞ்சி குடி. கால் வேற வீங்கிக் கெடக்கு."

இந்தப் பீடத்தால்தான் அடித்தேன். தாடையில். காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தான். விழுந்தவன் நெஞ்சில் உட்கார்ந்து இன்னும் இரண்டு. வேணும்னு சொல்லுலே, வேணும்னு சொல்லுலே என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். ஒரு தடவை சொல்லியிருந்தால் சத்தியமாக விட்டிருப்பேன். அவன் வாய் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது, பல்லும் ரத்தமும் வருகிறது, சொல்லமாட்டேன் என்கிறான். அவ்வளவு வீம்பு. சொல்ல வாய் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டதற்கு, பனையில் இருந்து விழுந்தேன் என்று எழுதிக் காட்டிவிட்டான். அதையும் ஊர் மெச்சியது. எனக்கு அதில் என்ன நன்மை, சொல்லுங்க. கேஸ் கொடுத்திருந்தால் உள்ளே போயிருப்பேன், வெளியே வந்திருப்பேன், முடிந்திருக்கும். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டான். எதையுமே கையில் வைத்துக்கொள்ள மாட்டான் அவன்.

தாடை கோணலாகக் கூடியது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. கபடி கபடி என்று தொடர்ந்து சொல்ல முடியாது, காற்று ஒரு ஓரமாகப் போய்விடும். அதோடு அவன் ஆட்டமும் முடிந்தது. ஆக நாங்கள் சமம். முப்பதுக்கு முப்பது.

ம் போட மறந்துட்டீங்க.

பிறகு ஊர்க்கூட்டம். கப்பினால்தான் வினை, கப்பே வேண்டாம், பங்கு வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வீட்டுக் குத்துவிளக்கைக்கூடத் திருகிக் கழற்றி, பீடம் ஒருத்தனுக்கு, தண்டு ஒருத்தனுக்கு, தட்டு ஒருத்தனுக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். விசேசம் வந்தால் எல்லோரும் கொண்டுவந்து பூட்டி விளக்கேற்ற வேண்டும். அப்படியாவது கூடுவார்களே என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு. அந்தப் புத்தியில் கப்பையும் பிரிக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் சரியாக ஏழு உறுப்பு, ஏழு ஆள். சாமியே கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது என்றான் பிச்சைக்கண்ணு. ஆனால் குத்துவிளக்குக்குத் திருகு உண்டு. கப்புக்கு ஏது? ரம்பத்தால் அறுத்தார்கள் அண்ணாச்சி. என் கண் முன்னால். இதோ, இந்த விளிம்பைத் தடவிப் பாருங்க. இருபத்திரண்டு வருசமாகியும் கையைக் கிழிக்கும்.

சீட்டில் எனக்குப் பீடம் வந்தது. லிங்கத்துரைக்கு உச்சியில் நிற்கிற பொம்மை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பாடிப் போகிற ஆள் மாதிரி ஒரு சின்ன மனுசன். அவனுக்கென்றே வந்து விழுந்தது பாருங்க.

அன்றைக்கே தீர்மானித்தேன். ஏழையும் சேர்ப்பது. ஆட்டம் திரும்ப வராது. முழங்கால் திரும்ப வராது. இது வரும். தேடினால் கிடைக்கிறது, கொடுக்காவிட்டால் பிடுங்கலாம், பிடுங்கினால் பூட்டி வைக்கலாம். மற்ற எதைப் பூட்டி வைக்க முடியும்?

தண்டு முதலில் கிடைத்தது, அது கதையில்லை. ஒரு காது எங்கள் குழுவில் ஆடின தவசி வீட்டில் மாட்டுத்தொழுவக் கதவில் பிடியாக அடித்திருந்தது. கேட்டேன். "கதவுக்குப் பிடி வேணுமே"ன்னான். கேட்டீங்களா, அவன் வேணும் என்றான். எனக்கு அவன் மேல் ஒரு மதிப்பே வந்தது. ஆனாலும் என்ன செய்ய? நான் திருகாணியைக் கழற்றும்போது வந்து கதவைப் பிடித்தான். கதவை அடித்துச் சாத்தினேன். இரண்டு விரல். இப்போது பார்த்தால் பேசமாட்டான். இன்னொரு காது வைத்திருந்தவன் செத்துப்போனான், கிண்ணம் வைத்திருந்தவன் ஊரை விட்டுப் போகும்போது வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். மூடி பிச்சைக்கண்ணு வீட்டில் நாய்க்குச் சோறு வைக்கிற தட்டாக இருந்தது. போன வாரம் எடுத்தேன். நாய் விடவில்லை. கடித்த இடம் இது. நானும் விடவில்லை. பிச்சைக்கண்ணு மனைவி, "நாய் உமக்கு என்னய்யா செஞ்சுது"ன்னு அழுதாள். ஒரு நாய்க்கு அப்படி ஒரு அழுகை. வேறு நாய் வாங்கிக்கொள்ளலாம். மூடி வாங்க முடியுமா?

இடையில் செண்பகம் போய்விட்டாள். என் வீட்டுக்காரி. அது இந்தக் கதையில் வராது, நீங்க தனியாக இருக்கீங்களா என்று கேட்டதனால் சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி, சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, குற்றாலம் போக வேண்டும். சாரல் காலத்தில் இரண்டு நாள். கல்யாணம் ஆனதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டில் கப்பு இருக்கும்போது எப்படிப் பூட்டிப் போட்டுவிட்டுப் போவது? அப்போது அலமாரியில் மூன்று துண்டு இருந்தது.

"தண்ணி தலையில விழும், துவட்டினா போயிரும். என்னட்டி மிச்சம் அதுல?"ன்னேன்.

"விழுந்ததுதான் மிச்சம்"னாள். "உங்களுக்கு இந்தத் தகரத்தை வச்சு என்ன மிச்சம்?"

தகரம் என்று சொன்னால் கோபம் வராதா? கை நீட்டினேன். அவள் விலகினாள், பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தாள். முதுகில் ஒன்பது தையல். எனக்குக் கண்ணாடி மாற்றுகிற செலவு. ஆஸ்பத்திரியில் இருந்து அப்படியே தங்கச்சி வீட்டுக்குப் போனாள், அங்கிருந்து எங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனாளாம். ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். இரண்டு பேரும் நனைந்துபோய் நிற்கிறார்கள், வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். பின்னால் ஒரு வரி எழுதியிருந்தாள்: இன்னும் காயவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. போட்டோவை அலமாரியில் தண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காகிதம்தான், ஆனாலும் பொருள் பொருள்தான்.

திரும்பி வரவில்லை. வீட்டில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

சரி, இன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். ஆறு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு லிங்கத்துரை கடைக்குப் போனேன். அவன் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான், மத்தியானமே கல்லைச் சூடாக்கிவிடுவான். கூட்டம் எப்போதும் உண்டு. பரோட்டாவுக்காக இல்லை அண்ணாச்சி, அவன் பேச்சுக்காக. அந்தக் கோணல் வாயை வைத்துக்கொண்டு பேசுவான். நான் வாசலில் நிற்கும்போது உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? அந்த ஆட்டம்.

கையில் கரண்டி. கல்லுக்கு முன்னால் குனிந்து நின்று காட்டுகிறான். "நம்ம சோலி முடிஞ்சிட்டு. முப்பதுக்கு முப்பது. நான் உதட்டுல ரத்தத்தோட படுத்துக் கெடக்கேன். அவன் வாரான், நீலச் சட்டை. எமன் மாதிரி வாரான். மூலையில ஒருத்தன் நிக்கான் பாத்துக்க. ஆளு ஒல்லி. அவன் கண்ணை மட்டும் நான் படுத்த இடத்துல இருந்து பாக்கேன். இமைக்கல. சொன்னா நம்பமாட்டீங்க, அந்தக் கண்ணைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு, கப்பு நமக்குத்தான்னு. ஜெயிச்சது நானில்லய்யா. நான் சமமாக்கினேன். ஜெயிச்சது அவன்."

சாப்பிடுகிறவன் எல்லாம் கையை இலையிலேயே வைத்துவிட்டு அவனையே பார்க்கிறான். பிறகு லிங்கத்துரை நிமிர்ந்தான், என்னைப் பார்த்தான்.

"வாலே சுயம்பு. ஆயுசு நூறு உனக்கு. எய்யா, இந்தா நிக்கான்லா, இவந்தான். இந்தக் கைதான் அது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிசம், அண்ணாச்சி, ஒரே நிமிசம் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருசமாக நான் ஊர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்ததை, அவன் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பிறகுதான் எனக்கு உறைத்தது. தினமும். ஒரு ஈடு பரோட்டாவுக்கு ஒரு தடவை என் பிடியை எடுத்துப் பரிமாறிக்கொண்டிருக்கிறான். யார் கொடுத்தது அவனுக்கு? என்னிடம் கேட்டானா? கப்பு வேண்டாம் என்றவன், கப்புக்குள் இருந்ததை முழுசாக வழித்து எடுத்துக்கொண்டான். எனக்கு ஓடு. அதுவும் ஏழு துண்டு.

"பொம்மையைக் கொடு"ன்னேன்.

"எந்தப் பொம்மை?"

கடைக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவார்களே, கண் படாமல் இருக்க, அதோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் அந்தச் சின்ன மனுசனை. நான் கையைக் காட்டியதும் சிரித்தான்.

"இதுக்காலே வெயில்ல வந்த? சொல்லியிருந்தா குடுத்து விட்டிருப்பம்லா." கத்தியை எடுத்து, கயிற்றை அறுத்து, பொம்மையை என் கையில் வைத்தான். "எலுமிச்சம்பழத்தையும் கொண்டு போறியா? கோட்டிக்குத் தலையில தேச்சுக் குளி."

கடை சிரித்தது.

"உனக்கு வேண்டாமா?"ன்னேன்.

"வேண்டாம்லே."

"யோசிச்சுச் சொல்லு. இதுதான் கடைசித் துண்டு. இதைக் குடுத்திட்டா உங்கிட்ட ஒண்ணும் இருக்காது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகப் பார்த்தான். ஒரு இலையை எடுத்துப் போட்டான். இரண்டு பரோட்டாவைப் பிய்த்து வைத்து சால்னாவை ஊற்றினான்.

"சாப்பிட்டியாலே? எவ்வளவு நாளாச்சு நல்லாச் சாப்பிட்டு. இரி."

பையைத்தான் வீசினேன். கையை ஓங்கவில்லை, பையைத்தான். ஆறு துண்டுப் பித்தளை, கனம் இருக்கும்தானே. காதுக்கு மேலே பட்டது. சாய்ந்தான், கல்லின் விளிம்பில் தலை மோதியது, கீழே போனான். சால்னா என் மேல் தெறித்தது. அப்போது வந்த கறைதான் இது. சால்னா.

பிடிக்க வந்தவர்களை இன்னொரு தடவை பையைச் சுழற்றி விலக்கிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆறு பேர் மேலே விழுந்தாலும் கையை நீட்டிக் கோட்டைத் தொடுகிறவன் அவன். நான் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். வலது கையைப் பார்த்தேன், நீளும் என்று. நீளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீண்டிருக்கும். அவனுக்கு எப்போதும் கடைசியில்தான் நீளும்.

இந்தாங்க. ஏழாவது துண்டு. சின்னதாக இருக்கிறது என்று பார்க்கீங்களா? இருபத்திரண்டு வருசம். மூடியின் நடுவில் இதை நிறுத்த வேண்டும். முகம் எந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன், என் நாற்காலி இருக்கிற பக்கம். மூடியில் இந்த நெளிவு பழசு இல்லை, இன்றைக்கு வந்தது. அதையும் தட்டி எடுத்துவிடுங்க. ஒட்டின இடம் தெரியுமா? முலாம் பூசினால் தெரியாது என்கிறார்கள். தெரியாமல் செய்யுங்க. யாராவது பார்க்க வந்தால், ஏழு துண்டு என்று கண்டுபிடிக்கக் கூடாது. வருவார்கள். நீங்களும் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. காப்பி போட ஆள் இல்லை, கடையில் வாங்கி வைக்கிறேன்.

என்ன அண்ணாச்சி, ரோட்டையே பார்க்கீங்க. ஜீப் வந்தால் வரட்டும். அவர்கள் வந்து கேட்டால் ஒட்டி முடித்ததும் வருகிறேன் என்று சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகும்? தீயைப் பற்றவையுங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்கு அந்தப் பிடியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கடைசியில் சொல்கிறேன் என்றேன்தானே.

முப்பதுக்கு முப்பது. அவன் வருகிறான். நீலச் சட்டை. நான் குனிந்து நிற்கிறேன். இமைக்கவில்லை என்று லிங்கத்துரை சொன்னது உண்மைதான், அது எப்படி அவனுக்குத் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. நீலச் சட்டை நடுவில் போகிறான், வலது பக்கம் போகிறான், சட்டென்று என் பக்கம் திரும்பிக் காலை நீட்டுகிறான். இடது கால். நான் விழுந்தேன். இரண்டு கையும் கணுக்காலில். அவன் இழுக்கிறான், என் முழங்கால் மண்ணில் முறுக்கிக்கொண்டு போகிறது, உள்ளே என்னவோ அறுகிறது, நான் விடவில்லை. அவன் மிதிக்கிறான். வாய் முழுக்க மண். ஒரு ஆளால் பிடிக்க முடியாது அண்ணாச்சி, அந்த உடம்பை. யாராவது வந்து விழ வேண்டும். மற்ற ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள், அப்படி ஒரு பயம்.

முதலில் வந்து விழுந்தது லிங்கத்துரை. கிழிந்த உதடோடு, வெற்றுடம்போடு, அப்படியே என் முதுகில் வந்து விழுந்தான். "விடாதலே சுயம்பு, நான் இருக்கேன்"னான் காதில். அவன் வியர்வை, அவன் ரத்தம், அவன் மூச்சு, எல்லாம் என் பிடரியில். அந்தக் கனம் இருக்கிறதே, அதைச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு விழுந்தது, இன்னும் முதுகிலேயே இருக்கிறது. நடந்தாலும் படுத்தாலும் இருக்கிறது. கப்பு முழுசாகிவிட்டால் அது இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

ம் போடுங்க அண்ணாச்சி.